அந்தப் படிவம் கேட்பது ஈமானை அல்ல



பி.எட். படிக்கும் நம் பகுதிப் பெண் ஒருத்தி சென்ற மாதம் ஒரு வினாப்படிவத்தோடு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தாள். ஆராய்ச்சிக்காகக் கல்லூரியில் எல்லோருக்கும் கொடுத்ததாம். அறிவியல் குறித்துப் பயிற்சி ஆசிரியர்களின் 'நம்பிக்கைகள்' என்று தலைப்பில் இருந்தது. "மாமா, இதில் 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்று போட்டால் ஈமானுக்கு ஏதும் பழுது வருமா?" என்று கேட்டாள்.

சிரித்து அனுப்பிவிடக்கூடிய கேள்வி அல்ல இது. திருப்பனந்தாள், சோழபுரம், பந்தநல்லூர்ப் பக்கங்களிலிருந்து ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் நம் பிள்ளைகள் பலர் கையில் இத்தகைய படிவம் வரும். அது எதைக் கேட்கிறது, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது அதற்கு என்ன நேர்கிறது என்பதைப் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது.

இவ்வகைப் படிவங்களில் உலகெங்கும் பெயர்பெற்றது 'ஸ்டெபி-பி'. அமெரிக்கக் கல்வியாளர்கள் இனாக்ஸ், ரிக்ஸ் இருவரும் 1990 இல் வெளியிட்டது. துருக்கி மொழி உட்படப் பல மொழிகளில் தழுவப்பட்டிருக்கிறது. அதில் 23 கூற்றுகள். அறிவியலைத் தன்னால் கற்பிக்க இயலும் என்று பயிற்சி மாணவர் எந்த அளவுக்கு எண்ணுகிறார் என்பதை 13 கூற்றுகள் அளக்கின்றன. நன்றாகக் கற்பித்தால் பிள்ளைகள் தேறுவார்கள் என்று எந்த அளவுக்கு எண்ணுகிறார் என்பதை மீதி 10 அளக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகளில் ஒன்றில் குறியிட வேண்டும். ஆக, இங்கே 'நம்பிக்கை' என்பது 'என்னால் முடியும்' என்ற எண்ணம்தான். மார்க்க நம்பிக்கைக்கும் அதற்கும் தொடர்பில்லை. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் வழங்குவதால் வந்த குழப்பம் இது.

இதுபோன்ற சொற்கள் இன்னும் உண்டு. அறிவியலின் இயல்பைப் பற்றிய வேறு சில படிவங்கள், கோட்பாட்டுக்கும் விதிக்கும் என்ன வேறுபாடு என்று கேட்கும். 'விதி' என்றால் இயற்பியல் படித்தவருக்கு நியூட்டன் நினைவுக்கு வருவார். நம் வீட்டில் பெரியவர்களுக்குத் தலைவிதியும் கத்ரும் நினைவுக்கு வரும். இங்கே 'அறிவியல்' என்பதை இலங்கைத் தமிழ்ப் பாடநூல் 'விஞ்ஞானம்' என்கிறது. 'வேதியியல்' அங்கே 'இரசாயனவியல்'. தமிழிலிருந்து தமிழுக்கே தழுவல் தேவைப்படுகிறது என்றால், ஆங்கிலத்திலிருந்து வருவதைச் சொல்ல வேண்டியதில்லை.

சொல்லைவிடச் சிக்கலானது வாக்கியம். 'முற்றிலும் உடன்படவில்லை' என்பதைப் படித்துப் பாருங்கள். 'கொஞ்சமும் உடன்பாடு இல்லை' என்றும் கொள்ளலாம்; 'முழுதாக உடன்பாடு இல்லை, ஓரளவு உண்டு' என்றும் கொள்ளலாம். 'முற்றிலும் மறுக்கிறேன்' என்று அச்சிட்டால் ஐயம் தீர்ந்தது. அடுத்தது எதிர்மறைக் கூற்று. எவ்வளவு முயன்றாலும் அறிவியலை நன்றாகக் கற்பிக்க இயலாது என்ற பொருளில் ஒரு கூற்று வரும். 'இயலும்' என்று எண்ணும் பெண் அதற்கு மறுப்பைக் குறிக்க வேண்டும். அவசரத்தில் உடன்பாட்டைக் குறித்துவிட்டால் 5 மதிப்பெண் பெற வேண்டிய இடத்தில் 1 விழும்.

நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய ஒரு தயக்கமும் உண்டு. இந்தப் படிவம் பயிற்சியில் இருப்பவர்களுக்கானது. ஆகவே கூற்றுகள் பல எதிர்காலத்தில் அமைந்தவை: கற்பிப்பேன், விளக்குவேன் என்பதுபோல. வரப்போவதைச் சொல்லும்போது 'இன்ஷா அல்லாஹ்' சேர்க்கும்படி கஹ்ஃப் அத்தியாயம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. தன்னைத்தானே புகழக் கூடாது என்றும் வீட்டில் சொல்லி வளர்க்கிறோம். அப்படி வளர்ந்த பெண் 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்று குறியிடக் கூசுவாள். நடுவில் உள்ள கட்டத்தில் குறித்துவிட்டுப் போவாள். கணக்கெடுப்பவர் கண்ணுக்கு அது அடக்கமாகத் தெரியாது. தன்னம்பிக்கைக் குறைவாகத்தான் தெரியும்.

முறையாகத் தழுவுபவர்கள் இதற்கெல்லாம் வழி வைத்திருக்கிறார்கள். இருவர் தனித்தனியாக மொழிபெயர்ப்பார்கள். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்கிய பின், மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார். ரிச்சர்ட் பிரிஸ்லின் என்ற அறிஞர் 1970 இல் எழுதிய கட்டுரைக்குப் பின் இந்த முறை பரவலாயிற்று. ஆனால் இதுவும் போதாது. 'நம்பிக்கை', 'விதி' இரண்டும் பழுதின்றி ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும். படித்தவர் மனத்தில் என்ன விழுந்தது என்பது தெரியாது. அதனால்தான் பயிற்சி மாணவர் சிலரை உட்காரவைத்து, "இந்த வரியை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?" என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்வது அவசியம். அதன் பிறகே பலருக்குக் கொடுத்து, விடைகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

இதன் வேர் நம் வரலாற்றிலும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் கிரேக்க மருத்துவ நூல்களை அரபிக்கும் சிரியாக்குக்கும் கொண்டுவந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறிஸ்தவர். கிடைத்த பல பிரதிகளை ஒப்பிட்டுப் பிழை நீக்குவார். சொல்லுக்குச் சொல் வைக்காமல், முழு வாக்கியத்தின் பொருளை மனத்தில் வாங்கி மறுமொழியில் எழுதுவார். அதனால்தான் அவர் மொழிபெயர்ப்பு நின்றது.

இந்தக் கவனம் தவறினால் என்ன ஆகும் என்பதை 2018 இல் தமிழ்நாடே பார்த்தது. அவ்வாண்டு நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் பிழை என்று டி.கே.ரங்கராஜன் வழக்குத் தொடுத்தார். சிறுத்தை என்று நம் பிள்ளைகள் அறிந்த விலங்கு 'சீத்தா' என்று அச்சாகியிருந்தது. வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஜூலை 10 அன்று உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் முதலில் தடை விதித்து, பின்னர் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்தது. ஐயம் வந்தால் ஆங்கில மூலமே இறுதியானது என்பது தேர்வின் விதிமுறை. ஆங்கிலம் தெரியாமல் தமிழில் எழுதிய பிள்ளைக்கு அந்த விதிமுறையால் என்ன பயன்?

நாமும் தப்பவில்லை. நம் கல்வி உதவி விண்ணப்பத்தில் 'மாத வருமானம்' என்று கேட்டிருந்தோம். குறுவை, சம்பா அறுவடையில் மட்டும் கையில் காசு பார்க்கும் குடும்பங்கள் சில, அந்த இடத்தை வெறுமையாக விட்டன. விவரம் தரவில்லை என்று அவற்றைத் தள்ளிவைக்க இருந்தோம். நேரில் கேட்ட பிறகுதான் பிழை எங்கள் கேள்வியில் இருந்தது புரிந்தது. இப்போது 'சென்ற ஓராண்டில் எந்தெந்த வழியில், எவ்வளவு வந்தது?' என்று மாற்றிவிட்டோம்.

ஆகவே, ஆசிரியர் பயிற்சியில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். படிவத்தை இரண்டு முறை படியுங்கள். 'இல்லை', 'இயலாது' என்று முடியும் வரிகளுக்கு அடியில் கோடிட்டுக்கொள்ளுங்கள். விளங்காத வரியைக் கொடுத்தவரிடமே கேளுங்கள். அவருக்கும் அது உதவி. இன்ஷா அல்லாஹ் என்பது உள்ளத்தில் இருக்கட்டும். உங்களால் இயன்றதை இயலும் என்று குறிப்பது பெருமையாகாது, உண்மை சொல்வதாகும். படிவத்தோடு வந்த அந்தப் பெண்ணுக்கும் இதையே சொல்லி அனுப்பினேன்.

கேட்பவருக்கும் சொல்பவருக்கும் இடையில் பொருள் மாறாமல் சேர, வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தெளிவைத் தருவானாக. ஆமீன்.

– செயலாளர்