தையல் நூல் கரைகிறது, கோப்பை ஏன் கரையவில்லை?

அறுவை சிகிச்சையில் உள்ளே போட்ட தையலைப் பிரிக்க வேண்டியதில்லை, தானே கரைந்துவிடும் என்பார் மருத்துவர். 1970களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்த அத்தகைய செயற்கை நூல் பாலிகிளைக்காலிக் அமிலத்தால் ஆனது. 'மக்கும்' என்று அச்சிட்டு வரும் பளபளப்பான குளிர்பானக் கோப்பைகள் பல பாலிலாக்டிக் அமிலம். வேதியியலில் இரண்டும் நெருங்கிய உறவு. ஆனாலும் நூல் உடலுக்குள் இரண்டு மூன்று மாதங்களில் மறைந்துவிடுகிறது. கோப்பை குளத்தில் விழுந்தால் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது.

இரண்டின் சங்கிலியிலும் கண்ணிகளை இணைப்பது எஸ்டர் பிணைப்பு. தண்ணீரால் அதை வெட்ட முடியும். பாலித்தீனில் இருப்பதோ கார்பன்-கார்பன் பிணைப்பு மட்டுமே; அங்கே தண்ணீரின் பாச்சா பலிக்காது. கோப்பைச் சங்கிலியில் கண்ணிக்கு ஒரு மெத்தில் தொகுதி கூடுதல். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். அந்தச் சின்னத் தொகுதி தண்ணீரை விலக்குகிறது, எஸ்டர் பிணைப்பை நெருங்கவிடாமல் மறிக்கவும் செய்கிறது.

அப்படியானால் இரண்டையும் சரிபாதி கலந்தால் நடுத்தர வேகத்தில்தானே கரைய வேண்டும்? இல்லை. தனித்தனியே இருப்பதைவிட வேகமாக, ஓரிரு மாதங்களில் கரைகிறது. இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்கவைக்கும் உண்மை இதுதான். ஒரே வகைக் கண்ணிகள் வரிசையாக வந்தால் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டுப் படிகமாகிவிடும். தண்ணீர் எளிதில் நுழையாது. இருவகைக் கண்ணிகள் முறையின்றிக் கலந்தால் அந்த அடுக்கு குலைகிறது. விகிதத்தை மாற்றினால் கரையும் காலமும் மாறும். புராஸ்டேட் புற்றுநோய்க்கு மாதம் ஒருமுறை போடும் லூப்ரோலைடு ஊசி மருந்து, இப்படிப்பட்ட கலப்புத் துகள்களிலிருந்துதான் மெல்ல மெல்லக் கசிகிறது.

வெப்பமும் முக்கியம். பாலிலாக்டிக் அமிலச் சங்கிலிகள் சுமார் 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை விறைத்தே இருக்கும். அதைத் தொட்டால்தான் நெகிழும். பெரிய உரக்கூடங்களில் அந்தச் சூடு வாரக்கணக்கில் நீடிக்கிறது. வீட்டு எருக்குழியில் நீடிப்பதில்லை. எங்கே, எந்தச் சூட்டில் என்று சொல்லாமல் 'மக்கும்' என்று மட்டும் அச்சிடுவது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம்.

பாலிகாப்ரோலாக்டோன் என்ற இன்னொன்று பாலிலாக்டிக் அமிலத்துக்கு நேரெதிர். எஸ்டர் பிணைப்புகளுக்கிடையே நீண்ட, வளையும் கார்பன் தொடர் இருப்பதால் உடலுக்குள் தண்ணீர் அதை வெட்ட இரண்டாண்டுக்கு மேலாகும். ஆனால் சங்கிலி சாதாரண வெப்பநிலையிலேயே நெகிழ்ந்திருப்பதால் மண்ணிலுள்ள நுண்ணுயிரிகளின் நொதிகள் எளிதில் பற்றிக்கொள்கின்றன. கோப்பை செய்ய இது உதவாது. 60 டிகிரியில் உருகிவிடும்.