எரிபொருள் மாறினால் மட்டும் போதுமா?

நம் வீட்டுப் பெண்கள் கைகளில் குலுங்கும் கண்ணாடி வளையல்களில் பெரும்பாலானவை உத்தரப் பிரதேச மாநிலத்தின் ஃபிரோசாபாத் நகரில் உருவானவை. அந்நகரின் கண்ணாடி உலைகள் ஒரு காலத்தில் நிலக்கரியில் இயங்கின. அருகிலுள்ள ஆக்ராவின் தாஜ்மகாலைக் காற்று மாசு அரிப்பது தொடர்பான வழக்கில், 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தாஜ் சுற்றுவட்டப் பகுதியில் நிலக்கரிப் பயன்பாட்டுக்கு முடிவு கட்டியது. இயற்கை எரிவாயு குழாய் வழியே வந்தது, கரும்புகை குறைந்தது.

சுற்றுச்சூழல் வெற்றியாகப் பேசப்படும் இந்நிகழ்வில் அதிகம் பேசப்படாத ஒரு பொருளாதாரப் பாடமும் உண்டு. தொடக்கத்தில் உலை உரிமையாளர்கள் பலர், நிலக்கரிக்காகக் கட்டப்பட்ட பழைய உலையிலேயே எரிவாயு பர்னரைப் பொருத்தினர். எரிபொருள் மாறியது, உலை மாறவில்லை. விளைவு, விலை உயர்ந்த எரிவாயுவின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குப் போனது.

இது ஏன் என்பதை அறிய எளிய கணக்கு ஒன்று போதும். இயற்கை எரிவாயுவின் முதன்மைக் கூறு மீத்தேன். ஒரு பங்கு மீத்தேன் முழுமையாக எரிய, கன அளவில் ஏறத்தாழ 9.5 பங்கு காற்று வேண்டும். காற்று குறைந்தால் எரிவாயு அரைகுறையாக எரிந்து, நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு உருவாகும். காற்று மிகுந்தால், தேவையற்ற அந்தக் காற்றையும் உலையின் வெப்பநிலைக்குச் சூடாக்கி வெளியே அனுப்ப நேரும். எனவே தேவையைவிடச் சுமார் 10% மட்டும் கூடுதலாகக் காற்று செலுத்துவது பொதுவான நடைமுறை. அப்போது வெளியேறும் புகையில் ஆக்சிஜன் சுமார் 2% இருக்கும்.

இங்குதான் சிக்கல் தொடங்குகிறது. காற்றுப் பற்றாக்குறை கண்ணுக்குத் தெரியும். சுடர் நீண்டு மங்கும், புகை கிளம்பும். காற்று மிகுதியோ கண்ணுக்குத் தெரியாது. ஆகவே, அனுபவத்தை மட்டும் நம்பி உலையை இயக்கும் தொழிலாளி எப்போதும் காற்றைச் சற்றுத் தாராளமாகவே திறந்து வைப்பார். அவரைக் குறை கூற இயலாது. புகை வந்தால் கண்டிக்கப்படுபவர் அவர். எரிவாயுக் கட்டணத்தைச் செலுத்துபவர் வேறொருவர். கண்ணுக்குத் தெரியாத இழப்பை எவரும் தாமாக முன்வந்து குறைப்பதில்லை என்பது பொருளாதாரம் அறிந்த உண்மை. இந்த இழப்பைக் கண்ணுக்குப் புலப்படுத்தும் கருவிதான் புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் பகுப்பாய்வுக் கருவி.

ஒருமுறை சரிசெய்துவிட்டால் போதும் என்பதும் தவறான நம்பிக்கை. ஜனவரியில் 10 டிகிரி குளிரில் சரிசெய்யப்பட்ட பர்னர், மே மாதத்தில் 40 டிகிரி வெயிலிலும் அதே கன அளவு காற்றைப் பெறுகிறது என்று கொள்வோம். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. ஆக்சிஜன் சுமார் 10% குறைந்துவிடும். கூடுதலாக வைத்திருந்த காற்று முழுவதும் பருவநிலை மாற்றத்திலேயே கரைந்துவிடும். காற்றூதியின் வடிகட்டியில் தூசு படிந்தாலும், பர்னர் முனையில் அடைப்பு ஏற்பட்டாலும் இதே நிலைதான். இத்தனைக்கும் கண்ணாடி உலையை நினைத்தபோது அணைத்துவிட முடியாது. சட்டெனக் குளிர்ந்தால் கண்ணாடிக் குழம்பைத் தாங்கும் களிமண் பானைகள் விரிசல் காணும். பராமரிப்புக்கு முன்கூட்டியே திட்டமிட வேண்டியிருப்பது இதனால்தான்.

உலையிலிருந்து வெளியேறும் புகையின் வெப்பத்தைக் கொண்டே, உள்ளே செல்லும் காற்றைச் சூடாக்கும் வெப்ப மீட்புக் கருவியும் இன்றியமையாதது. காற்றின் வெப்பநிலை 20 டிகிரி உயர்ந்தால் எரிபொருளில் சுமார் 1% மிச்சமாகும் என்பது பொறியாளர்களின் நடைமுறைக் கணக்கு. ஃபிரோசாபாதில் 'டெரி' ஆய்வு நிறுவனம், சுவிட்சர்லாந்து அரசின் வளர்ச்சி ஒத்துழைப்பு முகமையின் துணையுடன், இக்கருவியுடன் கூடிய உலையை வடிவமைத்துக் காட்டியது. மிச்சமாகும் தொகையைக் கண்ணால் கண்ட பிறகே மற்ற உரிமையாளர்கள் அதைப் பின்பற்றத் தொடங்கினர். நீதிமன்ற ஆணை எரிபொருளை மாற்றியது; செயல்விளக்கமே உலையை மாற்றியது.

இதில் தொழிலாளரின் உயிரும் அடங்கியுள்ளது. சுடர் அணைந்த நொடியில் எரிவாயு தானாக நிற்க வேண்டும். மீண்டும் பற்றவைக்கும் முன், உலைக்குள் தேங்கிய வாயுவைக் காற்றைச் செலுத்தி முற்றிலும் வெளியேற்ற வேண்டும். சுடரை உணரும் கருவியில் கரி படிந்தால், வேலை தடைபடுகிறதே என்று அதன் இணைப்பைத் துண்டித்துவிட்டு உலையை இயக்குவது வெடிவிபத்தை வரவேற்பதற்கு ஒப்பானது.

சிறு தொழிற்கூடங்கள் ஒவ்வொன்றும் பகுப்பாய்வுக் கருவியை வாங்கி, அதற்கென ஒரு வல்லுநரை நியமிப்பது கடினம். ஆனால், ஒரு தொழிற்பேட்டைக்குப் பொதுவாக ஒரு கருவியும், பயிற்சி பெற்ற இருவரும் இருந்தால் போதும். மாதம் ஒருமுறை ஒவ்வோர் உலையையும் சோதித்துவிடலாம். தொழில் சங்கங்களும் எரிவாயு விநியோக நிறுவனங்களும் செலவைப் பகிர்ந்துகொண்டால் இது எளிதில் இயலும்.

தமிழகத்திலும் நகர எரிவாயுக் குழாய்கள் விரிவடைந்து வருகின்றன. வார்ப்படச் சாலைகளும் வெப்பப் பதப்படுத்தும் கூடங்களும் நாளை எரிவாயுவுக்கு மாறக்கூடும். குழாய் வரும்போதே அளவிடும் பழக்கமும் உடன் வர வேண்டும். தூய எரிபொருளை வீணாக எரிப்பது தூய்மையும் ஆகாது; சிக்கனமும் ஆகாது.