சேதுக்கரை அணிலும் வாஷிங்டன் அணிலும்

ராமநாதபுரம் சீமைக்குப் போகிறவர்களுக்குப் பனைமரமும் அணிலும் கண்ணில் படாமல் போகாது. திருப்புல்லாணியில் தர்ப்பசயன ராமரைச் சேவித்துவிட்டு, சேதுக்கரைக்குப் போய்க் கடலில் முழுக்குப் போடுகிறோம். அப்புறம் ராமேசுவரம் போனால், தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் கல்லைக் காட்டி, "ராமர் அணை கட்டிய கல் இதுதான்" என்கிறார்கள். மலையைச் சுமந்த வானரங்களின் பெருமைக்கு அந்தக் கல் சாட்சி. அணிலின் பெருமைக்கு என்ன சாட்சி? வேறென்ன, அதன் முதுகில் உள்ள மூன்று கோடுகள்தாம்!

கதை எல்லோருக்கும் தெரிந்ததே. கடலில் முழுகி, கரை மணலில் புரண்டு, உடம்பில் ஒட்டிய மணலை அணையில் கொண்டுபோய் உதறிற்றாம் அணில். ராமபிரான் அதை எடுத்து அன்போடு தடவிக் கொடுத்தார். விரல் பட்ட இடம் கோடாயிற்று. தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருமாலையில் இந்த அணில்களை நினைத்து, அவற்றின் கபடமற்ற மனம் தமக்கு வாய்க்கவில்லையே என்று உருகியிருக்கிறார்.

பக்திக்கு உதாரணமாக இந்தக் கதையைச் சொல்லிவிட்டு நாம் நிறுத்திக்கொள்கிறோம். ஒரு கொத்தனாரின் கண்ணோடு அதைப் பார்த்தால் இன்னொரு விஷயமும் தெரியும். பாறைமேல் பாறையைப் போட்டால் நடுவிலே சந்து விழும். சந்தை அடைக்க இன்னொரு பாறை உதவுமா? மணல்தானே வேண்டும்! ஆஞ்சநேயர் கையால் ஆகாத வேலை ஒன்று அந்த அணையில் இருந்தது. அதை அணில் கண்டுபிடித்துக்கொண்டது.

இப்படிச் சின்னப் பிராணி ஒன்று தனக்கென்று ஒரு சந்தைக் கண்டுபிடித்துப் பெரிய காரியம் செய்த கதை நம் காலத்திலும் உண்டு. விசித்திரம் என்னவென்றால், அதுவும் ஓர் அணில்தான்! ஆனால் அது ஓடியது பனைமரத்தில் இல்லை. வீடியோ விளையாட்டுத் திரையில்.

நாற்பது அங்குல... இல்லை, சென்டிமீட்டர் வீரன்!

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் 'போக்கிமான்' என்ற பெயர் காதில் விழாமல் இராது. 1996-ல் ஜப்பானில் பிறந்த விளையாட்டு அது. இன்று அதில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கற்பனைப் பிராணிகள் இருக்கின்றன. அவற்றைப் பிடித்துப் பழக்கி, ஒன்றோடொன்று மோத விடவேண்டும். சேவற்கட்டு மாதிரிதான், ஆனால் ரத்தம் சிந்தாது, யாருக்கும் நோகாது.

உலகப் போட்டியில் ஆடும் முறை இது: ஒவ்வொருவரும் ஆறு பிராணிகளோடு வருவார். எதிரியின் ஆறையும் பார்த்துவிட்டு, தம்முடைய ஆறில் நாலைப் பொறுக்கிக்கொள்வார். களத்தில் ஒரே சமயத்தில் பக்கத்துக்கு இரண்டு பிராணிகள் நிற்கும். நாலும் மயங்கி விழுந்தால் ஆட்டம் போயிற்று. சதுரங்கத்தைப் போலவே இதிலும் கை வேகத்தைக் காட்டிலும் மூளைக்குத்தான் வேலை அதிகம்.

ஒவ்வொரு பிராணிக்கும் உயிர், தாக்கும் வலு, தாங்கும் வலு, வேகம் என்று ஆறு வகையில் மதிப்பெண் உண்டு. கார்ச்சாம்ப் என்னும் முரட்டு டிராகனுக்கு மொத்தம் 600. கியாரடோஸ் என்ற ஆறரை மீட்டர் நீளக் கடல் பூதத்துக்கு 540. நம் கதாநாயகன் பச்சிரிஸுவுக்கு எவ்வளவு தெரியுமா? வெறும் 405! தாக்கும் வலு 45தான். உயரம் 40 சென்டிமீட்டர். எடை நாலு கிலோகூட இல்லை. 'பச்சி பச்சி' என்றால் ஜப்பானிய மொழியில் பொறி தெறிக்கும் சப்தம். 'ரிஸு' என்றால் அணில். வெள்ளை உடம்பு, முதுகோடு ஓடும் நீலக் கோடு, மின்சாரம் தேக்கிவைத்த மஞ்சள் கன்னம். கொஞ்சத் தோன்றும், சண்டைக்கு அழைத்துப் போகத் தோன்றாது.

2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் தலைநகர் வாஷிங்டனில் உலகப் போட்டி நடந்தது. தென் கொரியாவைச் சேர்ந்த சே ஜுன் பார்க் என்ற இளைஞர் தம் ஆறில் ஒன்றாக இந்த அணிலைக் கொண்டுவந்தார். பெரியவர்கள் பிரிவின் இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவின் ஜூடி அஸ்ஸரெல்லியை வென்று அந்த ஆண்டின் உலகச் சாம்பியன் ஆனார்!

அணிலுக்கு என்ன வேலை?

ஏதோ ஆசைக்குக் கொண்டுவந்து, அதிர்ஷ்டத்தால் ஜெயித்துவிட்டார் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அவருடைய சேனையில் கியாரடோஸ் இருந்தது. டாலன்ஃபிளேம் என்ற நெருப்புப் பருந்தும் இருந்தது. இரண்டும் அடித்தால் எதிரி கலங்குவான். ஆனால் இரண்டுக்கும் எமன் ஒன்றே: மின்சாரம். பருந்துக்கு மின் அடி இரண்டு மடங்காக விழும்; நீரும் பறப்பும் கலந்த கியாரடோஸுக்கு நாலு மடங்கு! கெட்டியான அணையில் விழுந்த சந்து அதுதான்.

அந்தச் சந்தில் அணிலை நிறுத்தினார் பார்க். அதன் கையில் நாலு வித்தைகள். உடம்போடு பிறந்த குணம் ஒன்று.

குணத்தை முதலில் பார்ப்போம். பச்சிரிஸு மீது மின்சாரத்தை ஏவினால் அதற்கு வலிக்காது. அதைக் குடித்துவிட்டு, தன் முழு உயிரில் கால் பங்கைத் திரும்பப் பெறும். இதற்கு 'வோல்ட் அப்ஸார்ப்' என்று பெயர்.

'ஃபாலோ மீ' என்பது முதல் வித்தை. "என்னை அடி பார்க்கலாம்!" என்று குறுக்கே வந்து நிற்கும். அந்தச் சுற்றில், பக்கத்துத் தோழனுக்குக் குறிவைத்த அடி அணில்மேல் வந்து விழும். குணத்தையும் இந்த வித்தையையும் சேர்த்துப் பாருங்கள். கியாரடோஸை வீழ்த்த எதிரி இடியை ஏவுகிறான். அணில் அதை வழிமறித்து விழுங்கிவிட்டு, முன்னைவிடத் தெம்பாக நிற்கிறது! எதிரியின் ஒரு முறை வீண். கியாரடோஸுக்கு ஒரு முறை லாபம்.

'சூப்பர் ஃபாங்' இரண்டாவது. இது அணில் பல்லின் மகிமை. எதிரிக்கு மிச்சமிருக்கும் உயிரில் சரிபாதியைக் கடித்துக் குறைத்துவிடும். எதிரியிடம் 200 இருந்தால் 100 போகும். கடிக்கிறவனின் வலு எவ்வளவு என்று இந்தக் கணக்கில் யாரும் கேட்பதில்லை. 45 வலு உள்ள அணில் கடித்தாலும் பாதி பாதிதான்! மீதிப் பாதியைத் தோழன் பார்த்துக்கொள்வான்.

'நஸில்' மூன்றாவது. கன்னத்தால் உரசி எதிரியை மரத்துப்போகச் செய்வது. அந்தக் காலத்து விதிப்படி, மரத்துப்போன பிராணியின் வேகம் கால் பங்காகிவிடும். நாலாவது 'புரொடெக்ட்': ஒரு சுற்று கதவைச் சாத்திக்கொண்டு தப்பிப்பது. வாயில் வைத்துக்கொள்ள 'ஸைட்ரஸ்' என்ற பழம் ஒன்று. உயிர் பாதிக்குக் கீழே இறங்கினால் அதைத் தின்று கொஞ்சம் தேறிக்கொள்ளும்.

பயிற்சி அளித்ததிலும் பார்க் யோசனையாகவே நடந்துகொண்டார். பிராணிகளுக்கு ஊட்டும் பயிற்சிக்கு ஒரு வரம்பு உண்டு. பலவீனமான தாக்குதலைப் பலமாக்கப் பார்த்து அதை அவர் வீணடிக்கவில்லை. ஏறக்குறைய முழுவதையும் உயிருக்கும் தாங்கும் வலுவுக்குமே கொடுத்தார். அடி வாங்குவது அணிலின் உத்தியோகம். ஆகவே அடி தாங்கக் கற்றுக்கொடுத்தார்.

தோற்று வந்த பேரனுக்கு

இந்தச் செய்தியைக் கேட்டு நம் வீட்டுப் பையனும் ஓர் அணிலைச் சேர்த்துக்கொண்டு போட்டிக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறான்.

"தாத்தா, அதே அணில்தானே? எனக்கு மட்டும் ஏன் தோத்துப்போச்சு?"

"உன் சேனையில் மின்சாரத்துக்குப் பயப்படுகிறவன் யாரடா?"

"யாரும் இல்லையே, தாத்தா!"

"அப்படியானால் அணில் யாரைக் காப்பாற்றும்?"

தாத்தாவின் கேள்வி நியாயமானது. காப்பாற்ற ஒரு கியாரடோஸ் இல்லாவிட்டால் பச்சிரிஸு மறுபடியும் 405 மதிப்பெண் அணில்தான். அதன் பலவீனங்களும் நிஜமானவை. பூமி அதிர்ச்சி, பாறைச் சரிவு என்று களத்தையே வாரி அடிக்கும் தாக்குதல்களைக் குறுக்கே நின்று வாங்கிக்கொள்ள அதனால் முடியாது. பூமி அதிர்ச்சி அதற்கே இரட்டிப்பாகப் படும். பல்லும் பத்துக்கு ஒரு தடவை குறி தவறலாம். இதையெல்லாம் அறிந்து ஆடினால்தான் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடியும்.

ஆகவே சின்னப் பிராணியைக் களமிறக்க ஆசைப்படும் இளைஞர்கள் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வது நல்லது. என் சேனையில் உள்ள பெரியவனுக்கு எங்கே ஓட்டை? அதை அடைக்கும் வித்தை இந்தச் சின்னவனிடம் இருக்கிறதா? அதே வேலையை இதைவிட நன்றாகச் செய்ய வேறொருவன் இருக்கிறானா? மூன்றாவது கேள்விதான் கசப்பானது. அதற்கு "இருக்கிறான்" என்று பதில் வந்தால், அன்பை வீட்டில் வைத்துக்கொண்டு அவனை அழைத்துப்போக வேண்டியதுதான். "இல்லை" என்று வந்தால், உலகம் சிரித்தாலும் அணிலை விடாதீர்கள். அன்றைக்குப் பெரும்பாலோர் குறுக்கே நிற்கும் வேலைக்கு அமூங்கஸ் என்ற காளான் பிராணியை வைத்திருந்தார்கள். காளானின் பொடி செடி வகைப் பிராணிகளிடம் பலிக்காது. அணிலின் அழைப்பு அவற்றிடமும் பலிக்கும். மின்சாரத்தைக் காளான் ஓரளவு தாங்கும். அணிலோ குடித்தே விடும். பார்க் இதைக் கணக்குப் பார்த்தார்.

பெரிய பிராணிகளுக்கு எங்கே போனாலும் வேலை கிடைத்துவிடும். சின்னப் பிராணிக்கு வேலையைத் தேடிக் கொடுக்க ஒருவர் வேண்டும். விளையாட்டில் மாத்திரமா? பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுப் பையனுக்கும், குடும்பத்தில் "இவன் எதற்கும் லாயக்கில்லை" என்று பெயர் எடுத்தவனுக்கும் இதே கதைதானே!

அடுத்த முறை உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு நோஞ்சான் பிராணியோடு போட்டிக்குக் கிளம்பும்போது, "இது எதற்கடா உதவும்?" என்று தாராளமாகக் கேளுங்கள். ஆனால் கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விடாதீர்கள். பதிலுக்காகக் கொஞ்சம் காத்திருங்கள்.