கொடியில் காயாத துணி

உங்கள் வீட்டுக் கொடியை ஒரு தரம் எட்டிப் பாருங்களேன். வீட்டுக்காரரின் வேஷ்டி, பனியன், பையனின் டிராயர், பெண்ணின் பாவாடை, உங்களுடைய புடவை, ரவிக்கை எல்லாம் வரிசையாகக் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். ஒன்று மட்டும் அங்கே இராது. காலை முதல் இரவு வரை உடம்போடு ஒட்டி உழைக்கிற 'பாடி' எங்கே? குளியலறைக் கதவின் பின்னால், ஆணியில், ஈரத் துண்டுக்கு அடியில் ஒளிந்து கிடக்கும்! பனியனுக்கு இருக்கிற வெயில் பாத்தியதை அதற்கு இல்லை.

இதையெல்லாம் பத்திரிகையில் எழுதுவார்களா என்று முகம் சுளிக்கிற பெரியவர்கள், தயவுசெய்து கடைசி வரை படித்துவிட்டுச் சுளிக்கட்டும்.

பாடி, பிரா, பிரேசியர், எந்தப் பெயரைச் சொன்னாலும் அது நம் ஊருக்கு வெளியிலிருந்து வந்த சாமான்தான். நியூயார்க்கில் மேரி பெல்ப்ஸ் ஜேக்கப் என்ற பெண்மணி இரண்டு கைக்குட்டைகளையும் கொஞ்சம் ரிப்பனையும் சேர்த்துத் தைத்து, 1914-ஆம் ஆண்டில் அதற்குப் பேடண்டும் வாங்கினார். சாமானோடு கூடவே அதைத் துவைக்கிற யோசனையும் அங்கிருந்தே வந்து சேர்ந்துவிட்டது. "இரண்டு மூன்று தரம் அணிந்த பிறகு துவைத்தால் போதும்" என்கிறார்கள். குளிர் தேசத்துக்கு அது சரி. சித்திரை மாதத்தில் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டு அவர்கள் இதைச் சொல்லட்டும்!

நம் கரிசல் சீமைக்கு என் கணக்கு வேறு. வியர்த்த நாளென்றால் அன்றைக்கே துவைத்துவிட வேண்டும். மார்கழி, தை மாதங்களில் வீட்டோடு இருந்த நாளானால், இரண்டாம் நாளும் அதையே அணிவதில் தோஷமில்லை. பால் கொடுக்கும் தாய்மாருக்கு அந்தச் சலுகையும் கிடையாது. பால் கசிந்த ஈரத்துணி பல மணி நேரம் உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்தால் தோல் நலிந்துபோகும், கிருமிகளுக்கும் கொண்டாட்டம்.

வியர்வைக்குச் சொந்தமாக நாற்றம் அதிகம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியுமா? தோலில் குடியிருக்கிற நுண்ணுயிர்கள் அதைத் தின்று வேலை செய்தால்தான் நாற்றம் வருகிறது. மார்புக்கு அடியில் தோலும் தோலும் ஒட்டுகிற மடிப்பில் காற்றும் புகாது, ஈரமும் வற்றாது. அங்கே பூஞ்சை பிடித்தால் சிவந்து, அரித்து, எரியும். இதை வீட்டில் யாரிடமும் சொல்லச் சங்கோஜப்பட்டு, மருந்துக் கடையில் "அரிப்புக்கு ஒரு களிம்பு" என்று வாங்கிப் பூசுகிறார்கள். அந்தக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதல் வாரம் அரிப்பு அடங்கிவிடும். ஆனால் பூஞ்சை அடங்காது, உள்ளுக்குள்ளே பரவும். சாதாரண மருந்துக்கு மசியாத படர்தாமரை சமீப வருஷங்களில் இந்தியா முழுவதும் பெருகியதற்கு இந்தக் களிம்புப் பழக்கமும் ஒரு காரணம் என்று தோல் டாக்டர்கள் சொல்கிறார்கள். அந்த வியாதி வீட்டில் ஒருவருக்கு வந்தாலும் அவர் துணியை மற்றவர் துணியோடு ஊறப்போடக் கூடாது. தனியே வெந்நீரில் துவைக்க வேண்டும்.

"தினம் துவை, தினம் துவை என்கிறீர்களே, தண்ணீருக்கு எங்கே போவது?" என்று கோவில்பட்டி வாசகிகள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். தாமிரபரணியோடு சிற்றாறு வந்து சேருகிற சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியாக வருகிற தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்துக் குடிக்கிற ஊர் இது. அந்தத் தண்ணீரைத் துணிக்குக் கொட்ட எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? ஆகவே துணிக்குக் கிணற்றுத் தண்ணீர், போர் தண்ணீர். அதில் ஸோப்பைத் தேய்த்தால் நுரைக்கு மாறாகத் திரிதிரியாய் வெள்ளைக் கசடு மிதக்கிறது!

குற்றம் ஸோப்பில் இல்லை, மண்ணில் இருக்கிறது. கரிசல் மண்ணுக்கு அடியில் சுக்கான் கல் கிடக்கும், பார்த்திருப்பீர்கள். மழைத் தண்ணீர் அதன் வழியே இறங்கும்போது சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு போகிறது. அந்தச் சத்து ஸோப்போடு சேர்ந்து கரையாத கசடாகிவிடுகிறது. அது துணியின் இழைக்குள் படிந்து வெள்ளையைச் சாம்பலாக்கும். துணி விறைத்துப்போய்த் தோலை உராயும். நீலம் போட்டால் நிறம் ஏமாற்றும், விறைப்பு போகாது.

இதற்குப் பரிகாரம் சலவைச் சோடா. ஒரு வாளித் தண்ணீரில் ஒன்றிரண்டு தேக்கரண்டி கரைத்துக் கொஞ்ச நேரம் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். தெளிந்த நீரை மட்டும் இறுத்து, அப்புறம் ஸோப்புப் போடுங்கள், நுரை வரும். பட்டுக்கும் கம்பளிக்கும் மட்டும் சோடா ஆகாது.

இது பெரிய ஸயன்ஸ் போலத் தோன்றினாலும் நம் ஊருக்குப் புதிதில்லை. உவர் மண்ணை அள்ளி வந்து, துணியை அதில் முக்கி, வெள்ளாவி வைத்து, பால் போல வெளுத்துக் கொடுத்த சலவைத் தொழிலாளர்களுக்கு இந்த ரசாயனம் தலைமுறை தலைமுறையாகக் கைப்பாடம். உவர் மண்ணில் இருப்பதும் அந்தச் சோடாவேதான். ஊரின் தீட்டுத் துணிகளைக்கூட அந்த வீட்டுப் பெண்கள்தான் வாங்கிப் போய் வெளுத்தார்கள். அதற்கு ஊர் கொடுத்தது கொஞ்சம் தானியம், ராச்சோறு. மரியாதை? அதைக் கொடுக்கவில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறீர்களா? வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு வேண்டும் என்று 2003-ல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கினார்களே, அந்தத் தொட்டி இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. மழை நீரில் சுண்ணாம்பு கிடையாது. துளி ஸோப்புக்கு நுரை பொங்கும். அலசவும் நீர் குறைவாகவே ஆகும்.

தண்ணீர் சிக்கனத்துக்கு இன்னொன்று, துவைக்கிற வரிசை. உள்ளாடைகளை முதலில் துவையுங்கள். நாம் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, மிஞ்சிய கலங்கல் நீரில் அதைக் கடைசியாக முக்கி எடுக்கிறோம். தலைகீழ்ப் பழக்கம்! அதை அலசிய நீரிலே புடவையை ஊறவைக்கலாம், அப்புறம் கால்மிதி, அப்புறம் முற்றம். சோடா கலந்த நீரை மட்டும் தினமும் ஒரே செடிக்கு ஊற்றாதீர்கள். கரிசல் மண் இறுகிப்போகும்.

எத்தனை பாடி வேண்டும்? மூன்று இருந்தால் நல்லது. உடம்பில் ஒன்று, கொடியில் ஒன்று, பெட்டியில் ஒன்று. இழுபட்ட எலாஸ்டிக் பழைய நிலைக்கு வர அதற்கும் ஓய்வு வேண்டாமா? தீப்பெட்டி ஆபீசுக்குக் காலையிலேயே வண்டி ஏறுகிற பெண்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். இரண்டே வைத்துக்கொண்டு, இரவில் துவைத்து, அரை ஈரத்தோடு மாட்டிக்கொண்டு ஓடினால் அந்த ஈரம் நாள் முழுதும் உடம்பிலேயே காய வேண்டும். வாங்கும்போது பருத்தியாகப் பார்த்து வாங்குங்கள். 1901-லிருந்து வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர், கருங்கண்ணிப் பருத்திக்குப் பேர் போன பூமி. இங்கே இருந்துகொண்டு நைலானில் வேகுவானேன்?

பாடியை அடித்துத் துவைக்கக் கூடாது, முறுக்கிப் பிழியவும் கூடாது. கொக்கியை மாட்டிவிட்டுக் கையால் கசக்கி, இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் அழுத்தி நீரை எடுங்கள். பிளீச்சிங் பவுடர் எலாஸ்டிக்கைத் தின்றுவிடும். தோள்பட்டியில் தொங்கவிட்டால் ஈரத்தின் பாரத்தில் பட்டி நீண்டுவிடும். நடுவில் மடித்துப் போடுங்கள். நாள் முழுதும் வெயிலில் கிடந்தால் எலாஸ்டிக் நொறுங்கும் என்பதும் உண்மைதான். ஆனால் கோவில்பட்டி வெயிலுக்கு நாள் முழுதும் எதற்கு? காய்ந்ததும் எடுத்துவிடலாம். மாதவிலக்குத் துணி உபயோகிக்கிறவர்கள் அதையும் தைரியமாக வெயிலில் போடுங்கள். மாடியில் ஆண்கள் வருவார்களே என்றால், உள் கொடியில் இதைப் போட்டு, வெளிக் கொடியில் மெல்லிய புடவையைத் திரையாக விடுங்கள். காற்றும் வரும், மானமும் போகாது. மேலே மட்டும் துண்டைப் போட்டு மூடாதீர்கள்.

கையால் துவைப்பதில் ஒரு லாபம் உண்டு. துணி பேசுவது காதில் விழும். பால் கொடுக்காத காலத்தில், ஒரு பக்கத்துக் கிண்ணத்தில் மட்டும் ரத்தக் கறையோ, நீர்க் கறையோ, தானாகவே திரும்பத் திரும்பக் கண்டால் அதை ஸோப்புப் போட்டு மறந்துவிடாதீர்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். சிலருக்கு அது மார்புப் புற்றின் முதல் அறிகுறியாகவும் இருப்பதுண்டு. கட்டி தட்டுப்படவில்லையே, வலி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் பெண் டாக்டரைக் கேட்டுப் பாருங்கள். போகும்போது அந்தத் துணியைத் துவைக்காமல் ஒரு காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோங்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும், கறையின் நிறத்தை டாக்டர் பார்த்துக்கொள்வார்.