ஒடுக்கு விழுந்ததா? சுத்தியலை எடுக்காதீர்கள்!

எவர்சில்வர் தூக்கு கை தவறி விழுந்து ஒடுக்கானால் நாம் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. 'போகட்டும், ஒழுகலையே' என்று அதிலேயே சாம்பாரை ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிடுவோம். ஆனால் பாட்டி ஊசி நூல் போட்டு வைத்த பிஸ்கட் டின், அப்பாவின் ஜியாமெட்ரி பாக்ஸ், பிள்ளைகள் ஆசையாகச் சேர்க்கும் சினிமா டிஸ்க் பெட்டி... இவற்றில் ஒடுக்கு விழுந்தால் மனசு கேட்பதில்லை.

மாத்தூர் எம்.எம்.டி.ஏ. பகுதியில் இருக்கும் ஒரு சகோதரி சொன்னார்: "பையன் மணலியில வேலைக்குச் சேர்ந்து, சம்பளத்துல மிச்சம் பிடிச்சு வாங்கின பெட்டிங்க. வீடு மாத்தறப்போ ஒண்ணு நசுங்கிடுச்சு. 'பரவாயில்லம்மா'ன்னான். ஆனா முகம் வாடிப் போச்சு. குழவியால ஒரு தட்டுத் தட்டி நிமிர்த்திடலாமான்னு பார்க்கறேன்."

வேண்டவே வேண்டாம், சகோதரி!

இந்த டிஸ்க் பெட்டிகளுக்கு 'ஸ்டீல்புக்' என்று பெயர். டென்மார்க் நாட்டு ஸ்கனாவோ கம்பெனியின் தயாரிப்பு. 'படம்தான் போனிலேயே வருதே, பெட்டி எதுக்கு?' என்கிறீர்களா? அச்சிட்ட தகட்டின் அழகுக்காகத்தான் வாங்குகிறார்கள். அதனால்தான் சின்ன ஒடுக்குகூட அவர்கள் கண்ணை உறுத்துகிறது.

தகடு மிக மெல்லியது. கீழே ஒரு கல், மேலே ஒரு அடி என்று தட்டினால், நடுவில் மாட்டிக்கொண்ட தகடு சப்பாத்தி மாவு மாதிரி அகலும். அகன்ற தகட்டுக்கு இடம் போதாமல் மறுபக்கம் புடைக்கும். பிறகு யாராலும் சரி செய்ய முடியாது. மாதவரம் பக்கம் லாரிக்கு டிங்கரிங் செய்பவர்களைக் கவனித்தால் தெரியும். ஒடுக்கின் நடுவில் ஓங்கி அடிக்க மாட்டார்கள். பின்னால் இரும்புக் கட்டை கொடுத்து, ஓரத்திலிருந்து பதமாக உள்ளே வருவார்கள். நம் பெட்டிக்கு அந்தத் தட்டல்கூட ஆகாது. நீவித்தான் எடுக்க வேண்டும்.

முதலில் பெட்டிக்கு உரியவரைக் கேளுங்கள். அபூர்வமான பெட்டி என்றால், கை வைக்காமல் அப்படியே இருக்கட்டும் என்று சிலர் நினைப்பார்கள்.

செய்முறை

1. டிஸ்க்கையும் உள்ளே இருக்கும் தாள்களையும் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

2. சமமான மேஜைமேல் சுத்தமான பழைய பருத்திப் புடவைத் துண்டை நாலாக மடித்து விரியுங்கள். மணல் துகள் ஒன்று இருந்தாலும் கீறல் விழும். தலையணை, மெத்தை கூடாது. தகடு அமுங்கி வெளியே புடைத்துவிடும்.

3. பெட்டியை முழுக்கத் திறந்து, படம் போட்ட வெளிப்பக்கம் துணியில் படும்படி கவிழ்த்து வையுங்கள்.

4. ஒடுக்கின்மேல் உள்பக்கமாக ஒரு மெல்லிய துணியைப் போட்டு, பிளாஸ்டிக் கரண்டியின் முதுகால் நீவுங்கள். ஒடுக்கின் விளிம்பில் தொடங்கி, சின்னச் சின்ன வட்டமாக நடுவுக்கு வரவேண்டும். குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும் அளவு அழுத்தம் போதும்.

5. பத்துப் பதினைந்து தடவைக்கு ஒரு முறை பெட்டியைத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

பின்பக்கத்து ஒடுக்கு என்றால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தட்டு குறுக்கே நிற்கும். அதை நெம்பினால் உடையலாம். எளிதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். கூர்மையாக மடிப்பு விழுந்த இடமும், நசுங்கிய மூலையும் பழையபடி ஆவதில்லை. அங்கே தகடு நிஜமாகவே இழுபட்டுவிட்டது. ஹேர் டிரையரால் சூடாக்கி ஐஸ் வைக்கும் வித்தையும் வேண்டாம். பிளாஸ்டிக் வளையும், அச்சு கெடும்.

இதே முறை பிஸ்கட் டின்னுக்கும் பொருந்தும். தகர டின் என்பது வெள்ளீயம் பூசிய மெல்லிய எஃகுதான். பித்தளைப் பாத்திரத்துக்கு 'ஈயம்' பூசுகிறார்களே, அதே வெள்ளீயம். ஜாம்ஷெட்பூர் கோல்முரியில் 1920ல் தொடங்கிய டின்பிளேட் கம்பெனி நம் நாட்டில் இந்தத் தகட்டைச் செய்து வந்தது. 2024ல் அது டாடா ஸ்டீலோடு இணைந்தது. பூச்சு பெயர்ந்தால் எஃகு வெளியே தெரியும். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று கடற்காற்று படும் ஊர்களில் துரு சீக்கிரம் பிடிக்கும். பெயர்ந்த புள்ளியில் மட்டும், குண்டூசி முனையால் நிறமில்லாத நகப்பூச்சைத் தொட்டு வைத்தால் துருவைத் தள்ளிப் போடலாம்.

இளம் தாய்மார்களுக்கு இரண்டு வார்த்தை. பழைய டப்பாக்களின் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். இது வெள்ளீயம் அல்ல, நஞ்சான காரீயம். பெயின்ட் உரிந்த டப்பாவைக் குழந்தை வாயில் வைக்க விடாதீர்கள்.

அடுத்தது, உணவு அடைத்து வரும் டின். அதன் விளிம்பிலோ மூட்டிலோ ஆழமான ஒடுக்கு இருந்தால், அல்லது டின் உப்பியிருந்தால், ருசிகூடப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடுக்கு வழியே கிருமி புகுந்திருக்கலாம். அதனால் வரும் நஞ்சு உயிருக்கே ஆபத்து. அந்த ஒடுக்கை மட்டும் எடுத்துச் சரி செய்ய நினைக்காதீர்கள்.

மற்ற பெட்டிகளில் முக்கால்வாசி ஒடுக்கு போனதும் கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். மீதியையும் எடுக்கிறேன் என்று நீவிக்கொண்டே போனால், நல்ல இடமும் நெளிந்துவிடும்.