உழைச்செல்வான்: நோயாளர் பேணுநர் பயிற்சி

நோய் தீர்க்கும் கலையைப் பற்றிப் பேசுமிடத்து மருத்துவரையும் மருந்தையும் மட்டுமே நினைப்பது உலக இயல்பு. திருவள்ளுவரோ, 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் (950) மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளைக் கூறினார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு அவர் சேர்த்த நான்காம் உறுப்பு உழைச்செல்வான். உழை என்பது பக்கம். பக்கத்திலிருந்து பணி செய்பவன் உழைச்செல்வான். அவனை மருந்தைப் பிழையின்றி இயற்றுபவனாகக் காணும் பரிமேலழகர், அவனுக்குரிய இயல்புகளையும் நான்காகவே வகுக்கிறார். நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய்களின் தூய்மை, சொல்லியதைச் சொன்னபடியே செய்யும் ஆற்றல், அறிவு என்பன அவை.

இந்த நான்காம் உறுப்பு இன்று தனித் தொழிலாக வளர்ந்துள்ளது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மருத்துவமனைகளில் 'பேஷண்ட் கேர் டெக்னிஷியன்' என்று அழைக்கப்படுபவர் இவ்வகையினர். தமிழில் அவரை நோயாளர் பேணுநர் எனலாம். முற்காலத்தில் ஒருவரே செய்த பணி இன்று பலர் கையில் பிரிந்துள்ளது. மருந்து கொடுப்பதும் நோயாளியின் நிலையை மதிப்பிடுவதும் பதிவு பெற்ற தாதியின் பொறுப்பு. குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், எழுப்பி நடத்துதல், நாடியும் இரத்த அழுத்தமும் பார்த்தல், சோதனைக்கு இரத்தம் எடுத்தல், இருதய மின்வரைபடம் எடுத்தல் ஆகியவை, தாதியின் மேற்பார்வையில், பேணுநரின் பொறுப்பு.

இங்கே ஒரு முரண்பாடு உண்டு. மருத்துவர் கட்டிலருகே நிற்பது சில நிமிடங்களே. தாதி ஒரே வேளையில் பல நோயாளிகளைக் கவனிக்க வேண்டியவர். நோயாளியின் உடலை அடிக்கடி தொட்டுப் பார்ப்பவர் பேணுநரே; ஆயினும் மூவருள் மிகக் குறைந்த காலம் பயின்றவரும் அவரே. ஆதலின், அந்தக் குறுகிய பயிற்சியில் எதைக் கற்பிப்பது என்பது உயிரோடு தொடர்புடைய கேள்வியாகும்.

பயிற்சி கட்டாயமான வரலாறு

இரண்டாம் உலகப் போரின்போது தாதியர் பலர் போர்முனைக்குச் சென்றமையால் அமெரிக்க மருத்துவமனைகள் ஆளின்றித் தவித்தன. அப்போது செஞ்சிலுவைச் சங்கம் தொண்டர்களுக்கு 80 மணி நேரப் பயிற்சி அளித்துத் தாதியர்க்குத் துணையாக அனுப்பியது. ஆனால், போருக்குப் பின்னரும் நெடுங்காலம், இப்பணிக்கு நாடு முழுமைக்குமான பயிற்சி விதி எதுவும் இல்லை. பலர் வேலையில் சேர்ந்த பிறகே, உடன் பணி செய்வோரைப் பார்த்துத் தொழிலைக் கற்றனர்.

இதனால் விளைந்த தீங்கு முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வெளிப்பட்டது. அங்கு நிலவிய கவனக்குறைவையும் பயிற்சிக் குறைவையும் 1986-இல் மருத்துவ ஆய்வுக் கழகம் ஒன்றின் அறிக்கை எடுத்துக் காட்டியது. அடுத்த ஆண்டே, 1987-இல், கூட்டரசுச் சட்டம் பிறந்தது. அரசின் மருத்துவ நிதியைப் பெறும் பராமரிப்பு இல்லங்களில் பணியாற்றும் தாதி உதவியாளர் குறைந்தது 75 மணி நேரம் பயில வேண்டும். அதில் 16 மணி நேரமாவது மேற்பார்வையுடன் கூடிய செய்முறையாக இருத்தல் வேண்டும். தொற்றுத் தடுப்பு, பாதுகாப்பு, பேசிப் பழகும் முறை, முதியோர் உரிமை முதலியவற்றில் 16 மணி நேரம் பயின்ற பின்னரே அவர் முதியோரை நேரிற் பேணலாம் என்றும் சட்டம் வகுத்தது. தேர்ச்சி பெற்றோரின் பெயர்ப் பதிவேட்டை ஒவ்வொரு மாநிலமும் வைத்திருக்க வேண்டும். ஒருவர் நோயாளியைத் துன்புறுத்தினார் என்பது விசாரணையில் உறுதியானால் அதுவும் அப்பதிவேட்டில் ஏறும்.

75 மணி நேரம் என்பது தரையே அன்றிக் கூரை அன்று. கலிபோர்னியா மாநிலம் 160 மணி நேரமும், மெய்ன் மாநிலம் 180 மணி நேரமும் கேட்கின்றன. இவ்வடிப்படைப் பயிற்சியின் மேல் எழுந்ததே மருத்துவமனைப் பேணுநர் பயிற்சி. 1990-களில் மருத்துவமனைகள் தம் பணிமுறைகளை மாற்றியமைத்தபோது, ஒருவரே பல திறன்களைப் பெற்றிருப்பது விரும்பப்பட்டது. இரத்தம் எடுப்பதும் இருதய மின்வரைபடம் எடுப்பதும் பாடத்தில் சேர்ந்தன. உயர்நிலைப் பள்ளியை முடித்தோர் சமுதாயக் கல்லூரிகளிலும் தொழிற்பள்ளிகளிலும் சில மாதங்களில் இதனைக் கற்கின்றனர். எனினும், இத்தொழிலுக்கென நாடு முழுமைக்கும் பொதுவான பாடத்திட்டத்தைச் சட்டம் வகுக்கவில்லை. ஆதலின், பயிற்சியின் அளவும் தரமும் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன.

தூய்மை

முதற் பாடம் கை கழுவுதல். சோப்பு நுரைக்க, விரலிடுக்கும் நகக்கண்ணும் விடாமல், குறைந்தது 20 விநாடி தேய்க்க வேண்டும். குழாயை மூடும்போது கழுவிய கையால் தொடாமல் காகிதத் துண்டால் மூட வேண்டும். எளிய செயல் என்று இதனை இகழ்தல் தவறு. 1847-இல் வியன்னா நகர மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பிணப் பரிசோதனை செய்த கையோடு மகப்பேற்றுக் கூடத்துக்கு வருவோர் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டும் என்று விதித்தார். அதன் பின் அங்குப் பிரசவக் காய்ச்சலால் தாய்மார் இறப்பது பெரிதும் குறைந்தது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் தாதி உதவியாளர் தேர்வில் மாணவர் ஐந்து செயல்களைச் செய்து காட்ட வேண்டும். நான்கு மாறி மாறி வரினும், கை கழுவுதல் மட்டும் எவருக்கும் விலக்கின்றி வரும்.

சொன்னபடி செய்தல்

இரத்தம் எடுக்கும் முறையைக் கண்டால் இவ்வியல்பின் அருமை விளங்கும். கையில் கட்டும் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைக்கலாகாது. வைத்தால் இரத்தத்தின் இயல்பே மாறிச் சோதனை பிழைபடும். இரத்தத்தைப் பல நிற மூடிகள் கொண்ட குழாய்களில் நிரப்புவதற்கும் ஒழுங்கு உண்டு. கிருமி வளர்த்துப் பார்க்கும் குப்பி முதலாவது. பின்னர் இளநீலம், சிவப்பு, பச்சை, இளம் ஊதா, சாம்பல் என்பது வரிசை.

இவ்வரிசை வெறுஞ் சடங்கு அன்று. இரத்தம் உறையாதிருக்க, இளம் ஊதா மூடிக் குழாயில் பொட்டாசியம் கலந்த உப்பு ஒன்று வைக்கப்பட்டுள்ளது. அதை முன்னே நிரப்பிவிட்டுச் சிவப்பு மூடிக் குழாயைப் பின்னே நிரப்பினால், ஊசியில் ஒட்டிய சிறு துளி அடுத்த குழாயிற் கலக்கும். இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தும் கால்சியம் குறைந்தும் இருப்பதாகச் சோதனை காட்டும். பொட்டாசியம் மிகுந்தால் இருதயத் துடிப்பே நிலைகுலையக் கூடும். ஆதலின் மருத்துவர் இல்லாத நோய்க்கு விரைந்து மருந்து கொடுக்க நேரும். குழாயில் பெயரை எழுதி ஒட்டுவதும் கட்டிலருகிலேயே நிகழ வேண்டும். "நீங்கள் இன்னார்தாமே?" என்று கேட்கலாகாது, மயக்கத்தில் இருப்பவர் எப்பெயருக்கும் தலையசைப்பார். "உங்கள் பெயர் என்ன? பிறந்த நாள் என்ன?" என்று கேட்டு, விடையை மணிக்கட்டுப் பட்டையோடு ஒப்பிடுவதே முறை.

இருதய மின்வரைபடமும் இத்தகையதே. உடலில் ஒட்டும் பத்து மின்வாய்களிலிருந்து பன்னிரண்டு கோணங்களில் இருதயத்தின் மின்னோட்டம் பதிவாகிறது. வலக்கைக்கு உரியதை இடக்கையில் மாற்றி இணைத்தால், நலமான இருதயமும் நோயுற்றது போலத் தோன்றும்.

அறிவு

சொன்னபடி செய்வது மட்டும் போதும் எனின், பயிற்சி பெற்ற பொறியே போதுமானது. நோயாளியின் மாற்றத்தைக் கண்டுணரும் அறிவும் வேண்டும். பிளாரன்ஸ் நைட்டிங்கேல், 1859-இல் வெளிவந்த தம் தாதியர் கலை நூலில், நோயாளியை உற்றுநோக்கும் திறனுக்கென ஒரு தனி இயலே ஒதுக்கினார்.

வளர்ந்தவர்க்கு, ஓய்வில், நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100 வரையும், மூச்சு 12 முதல் 20 வரையும் இயல்பு என்று மாணவர் கற்கின்றனர். எண்ணைக் குறிப்பது எளிது. காலையில் 16 ஆக இருந்த மூச்சு மாலையில் 28 ஆனதை உடனே தாதியிடம் சொல்வதே அறிவு. குளிப்பாட்டும்போது இடுப்பெலும்பின் மேல் ஒரு சிவப்புத் தழும்பு தென்பட்டு, விரலால் அழுத்தியும் நிறம் மாறாதிருந்தால், அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். எழ இயலாதவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது அதனைத் தடுப்பதற்கே. சிறுநீரக நோயாளியின் ஒரு கையில் இரத்தச் சுத்திகரிப்புக்கான இணைப்பு அமைந்திருப்பின், அக்கையில் இரத்த அழுத்தம் பார்க்கலாகாது.

தன் எல்லையை அறிவதும் அறிவே. பேணுநர் நோய் இன்னதென்று முடிவு கூறுவதில்லை. கண்டதைக் கண்டவாறு சொல்வார். பயிலாத ஒரு செயலைச் செய்யுமாறு பணிக்கப்பட்டால், "இதனை நான் கற்கவில்லை" என்று சொல்லவும் பயிற்சியில் கற்பிக்கின்றனர்.

அன்பு

அன்பைத் தேர்வு வைத்து அளக்க முடியுமா என்று கேட்கலாம். செய்முறைத் தேர்வின் மதிப்பெண் பட்டியல் இதற்கு ஒருவாறு விடை தருகிறது. நோயாளியின் முகம் நோக்கித் தெளிவாகப் பேசினாரா, செய்யப் போவதை முன்னரே கூறினாரா, திரையை இழுத்து மறைத்தாரா, போகுமுன் அழைப்பு மணியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தாரா என்று தேர்வாளர் பார்க்கிறார். பக்கவாதம் தாக்கியவருக்குச் சட்டை அணிவிக்கையில் நலிந்த கையை முதலிலும், கழற்றுகையில் நலமான கையை முதலிலும் எடுக்க வேண்டும். அவ்வாறு செய்தால் நலிந்த கை வளைந்து நோகாது. உணவூட்டுபவர் நின்றுகொண்டு ஊட்டாமல், எதிரே சமமாக அமர்ந்து ஊட்ட வேண்டும். மனத்தில் உள்ள அன்பைச் சட்டம் காண இயலாது. கையில் தெரியும் அன்பைக் காண இயலும். அதனையே பயிற்சி பழக்கமாக்க முயல்கிறது.

இத்துணைப் பொறுப்புடைய பணிக்கு ஊதியம் குறைவு. அதனால் இதனை விட்டு நீங்குவோரும் பலர். ஒருவர் நீங்குந்தோறும் நோயாளியை அறிந்த ஒரு கண் இல்லாமற் போகிறது. இப்பயிற்சியை முதற்படியாகக் கொண்டு தாதியர் கல்விக்கு உயர்வோரும் உளர். அவ்வழியை எளிதாக்குவது அவர்க்கும் நோயாளிக்கும் நன்மை. கட்டிலருகே நிற்பவரைக் கடைநிலை ஊழியர் என்று எண்ணும் வழக்கம் மாறினாலன்றி, மணிக்கணக்கைக் கூட்டுவதால் மட்டும் பயன் விளையாது. வள்ளுவர் நான்கு உறுப்புகளையும் எண்ணியபோது உழைச்செல்வானை விட்டுவிடவில்லை. நான்கில் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் நிறைவுறாது.