தாய்க்கு ஒரு வருஷம் தவணை!

பிரசவமாகி நாலு மாசம் ஆகிறது. பீரோவில் மடித்து வைத்த பழைய ஜாக்கெட் கைக்கு மேலே ஏற மாட்டேன் என்கிறது. ‘இன்னுமா உடம்பு இளைக்கலே?’ என்று வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். உங்களுக்கு இது ஜாக்கெட்டோடு போயிற்று. அமெரிக்கத் தரைப்படையில் இருக்கும் பெண்ணுக்கோ வேலைக்கே உலை வைக்கிற விஷயம்!

அங்கே உயரத்துக்கு இவ்வளவு எடைதான் என்று கணக்கு வைத்தார்கள். தாண்டினால் இஞ்ச் டேப்பால் உடம்பை அளந்து, கொழுப்பு எத்தனை சதவிகிதம் என்று பார்த்தார்கள். 21 முதல் 27 வயதுப் பெண்ணுக்கு 32, 28 முதல் 39 வரை 34 என்பது பல வருஷங்களாக இருந்த வரம்பு. மீறினால் பதவி உயர்வு நிற்கும். குறையவே இல்லையென்றால் வீட்டுக்கே அனுப்பலாம்.

பிள்ளை பெற்றவளுக்கு இதிலிருந்து முன்பு கிடைத்த விலக்கு 180 நாள்தான். கெடு நெருங்கினால் என்ன செய்யத் தோன்றும்? சாப்பாட்டில்தானே கை வைப்போம்! 2022-ல் தரைப்படை இந்த விலக்கை 365 நாளாக்கியது. விமானப்படை 2015-லேயே உடல்தகுதித் தேர்வுக்கான அவகாசத்தை 6 மாதத்திலிருந்து 12 மாதமாக்கிவிட்டது.

ஏன் ஒரு வருஷம்?

குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர் எல்லாம் சேர்ந்து பிரசவத்தன்றே சுமார் 5 கிலோ இறங்கிவிடும். கர்ப்பப்பை சுருங்கிப் பழைய அளவுக்கு வர 6 வாரம் ஆகும். வயிற்றுத் தசை நடுவில் விலகியிருந்தால் அது சேர இன்னும் நாளாகும். 2023-ல் தரைப்படை தொப்புள் மட்டத்தில் மட்டும் அளக்கும் முறையைக் கொண்டுவந்தது. அந்த இடம் உப்பியிருக்கக் கொழுப்பு மட்டுமே காரணமில்லை, தளர்ந்த தசையும் காரணம்!

நீங்களே சோதிக்கலாம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை லேசாகத் தூக்குங்கள். தொப்புளுக்கு மேலே நடுக்கோட்டில் விரலை வையுங்கள். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி தெரிந்தால் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். அதுவரை படுத்து எழும் வயிற்றுப் பயிற்சி வேண்டாம்.

பட்டினி வேண்டாம்

தாய்ப்பால் கொடுப்பவருக்கு தினம் சுமார் 500 கலோரி கூடுதலாக வேண்டும். அப்போது பட்டினி கிடந்தால் களைப்புதான் மிஞ்சும். எடை மீறியவர்களுக்கு அமெரிக்கத் தரைப்படை கேட்டதே மாதம் 3 முதல் 8 பவுண்டுதான். வாரம் அரைக் கிலோ குறைந்தாலே தாராளம்.

முதலில் மெதுவான நடை. கூடவே, சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்புத் தளத் தசையை இறுக்கி விடும் பயிற்சி. இந்தத் தசை தேறுவதற்குள் ஓடினால் சிறுநீர் கசியலாம். சிசேரியன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டே ஆரம்பிக்க வேண்டும். மாதங்கள் போயும் எடை அசையவில்லை, சோர்வும் தீரவில்லை என்றால் தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பின் அது தடுமாறுவதுண்டு.

துப்பாக்கி பிடிக்கிறவளுக்கே ஒரு வருஷம் தவணை கொடுத்தார்கள். ஜாக்கெட் பீரோவிலேயே இருக்கட்டும். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் ஒரு நடை போய்விட்டு வாருங்கள்!